கடையின் ஸ்டொக் தெரியும், வெப்சைட்டின் ஸ்டொக் தெரியுமா?

ரமழான் நெருங்கும்போது எமது வியாபாரிகளில் அநேகர் கடையை அரைநாளாவது மூடி வைத்து ஸ்டொக் எடுப்பார்கள். ஸகாத் கணக்குப் பார்க்க வேண்டும் என்பது முதல் காரணம். அத்தோடு எந்த இறாக்கையில் எத்தனை உருப்படி கிடக்கிறது, எந்தக் கொம்பனியிடம் வாங்கியது, திகதி முடிந்த சாமான் எது என்பதெல்லாம் அன்றைக்குக் கொப்பியில் ஏறிவிடும். அதே கடைக்காரரிடம், "உங்களுடைய வெப்சைட் எந்த டெம்ப்ளேட்டில் ஓடுகிறது? அதைத் தயாரித்தது யார்? எத்தனையாவது பதிப்பு? காசு கொடுத்து வாங்கியதா, சும்மா எடுத்ததா?" என்று கேட்டுப் பாருங்கள். "அதெல்லாம் சைட் செய்த தம்பிக்குத்தான் தெரியும்" என்ற பதில்தான் பெரும்பாலும் வரும்.

தம்பி பக்கத்தில் இருக்கும் வரை இந்தப் பதில் போதும். அவர் டோஹாவுக்கோ துபாய்க்கோ வேலை கிடைத்துப் போய்விட்டால், அல்லது கல்யாணம் முடித்து வேறு தொழிலுக்கு மாறிவிட்டால், புதிதாக ஒருவரைப் பிடிக்க வேண்டும். வந்தவர் சைட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "நானா, இதில் என்ன போட்டிருக்கிறார் என்று விளங்கவில்லை. முழுசாகத் திரும்பச் செய்வதுதான் நல்லது" என்பார். ஒரே வேலைக்கு இரண்டாம் முறை செக் எழுதுகிறோம். எம்மவர்கள் பலருக்கு நடந்திருக்கும் விடயம் இது. இதில் குற்றம் தம்பியுடையது மட்டுமல்ல. வாங்கிய பொருளின் பட்டியலைக் கேட்காமல் காசைக் கொடுத்தவர் நாம்.

டெம்ப்ளேட் என்றால் என்ன என்பதை மசாலாத் தூளோ தேயிலையோ பக்கட் செய்து விற்பவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. பக்கட் அச்சடிக்கும் இடத்தில் முதல் தடவை சிலிண்டர் செலவு என்று ஒரு தொகை எடுப்பார்கள். அந்தச் சிலிண்டரில்தான் எமது பெயரும் படமும் நிறமும் இருக்கிறது. அடுத்த முறை அதே சிலிண்டரை உருட்டினால் போதும். ஆனால் சிலிண்டர் யாருக்குச் சொந்தம் என்பதை முதலிலேயே பேசிக்கொள்ளாதவர், வேறு அச்சகத்துக்குப் போக நினைக்கும் நாளில் சிக்கிக்கொள்வார். வெப்சைட்டின் டெம்ப்ளேட்டும் அப்படித்தான். பொருட்களின் பெயர், விலை, படம் எல்லாம் மாறிக்கொண்டே இருக்கும். அவற்றை எந்த இடத்தில், எந்த வடிவில் காட்டுவது என்று சொல்லும் அச்சு மாறாமல் உள்ளே இருக்கும்.

இந்த அச்சுகளையும் எமது தகவல்களையும் வெவ்வேறாக வைத்து நிர்வகிக்கும் மென்பொருள்களில் வேர்ட்பிரஸ் 2003இலும் ஜூம்லா 2005இலும் வெளிவந்தன. உலகிலுள்ள வெப்சைட்டுகளில் பத்தில் நான்குக்கும் மேல் வேர்ட்பிரஸில் ஓடுவதாகக் கணக்கிடப்படுகிறது. ஆகவே இங்கு பெரும்பாலும் அதையே உதாரணமாக எடுக்கிறேன். வேர்ட்பிரஸில் முழு அலங்காரத்துக்கும் தீம் என்று பெயர். அந்தத் தீமுக்குள் முகப்புப் பக்கத்துக்கு ஒன்று, பொருள் பக்கத்துக்கு ஒன்று, பணம் செலுத்தும் பக்கத்துக்கு ஒன்று என்று தனித்தனி டெம்ப்ளேட்டுகள் இருக்கும். ஜூம்லாவில் முழுத் தொகுதியையுமே டெம்ப்ளேட் என்பார்கள். பெயர்க் குழப்பம் இவ்வளவுதான்.

ஒவ்வொரு தீமுக்கும் பிஸ்கட் பக்கட்டில் இருப்பது போல ஒரு லேபிள் உண்டு. தீமின் கோப்புறைக்குள் ஸ்டைல் டொட் சிஎஸ்எஸ் என்ற கோப்பின் ஆரம்ப வரிகளில் அது எழுதப்பட்டிருக்கும்: தீமின் பெயர், தயாரித்தவர், அவருடைய முகவரி, பதிப்பு இலக்கம், எந்த உரிமத்தின் கீழ் வெளியிடப்பட்டது என்பன. வேறொரு தீமின் மேல் கட்டப்பட்ட கிளைத் தீம் என்றால், மூலத் தீமின் பெயரும் அங்கே ஒரு வரியில் இருக்கும். அந்த மூலத்தை யாராவது "பாவனையில் இல்லை" என்று நினைத்து அழித்துவிட்டால் கிளைத் தீமும் சேர்ந்து விழும்.

இதில் நான் அடிக்கடி யோசிக்கும் ஒரு விடயம் உண்டு. இந்த லேபிள் பொதுவாக வெளியிலிருந்து பார்க்கிற எவருக்கும் தெரியும். பக்கத்தின் மூலக்குறியைத் திறந்தால் தீமின் கோப்புறைப் பெயர் அங்கே கிடக்கும். அந்தப் பெயரை வைத்து லேபிள் கோப்பையும் பிரவுசரிலேயே திறந்து பதிப்பு இலக்கத்தை வாசிக்கலாம். சைட்டுகளை உடைத்துக்கொண்டு திரிபவர்களின் புரோகிராம்கள் இரவு பகலாக இந்த வேலையைத்தான் செய்கின்றன. எமது கடையின் பூட்டு எந்த வகை, எந்த வருடத்தது என்பதைத் திருடன் எழுதி வைத்திருக்கிறான். கடைக்காரருக்கு மட்டும் தெரியாது.

பட்டியலை எடுப்பது கஷ்டமான வேலையல்ல. வேர்ட்பிரஸ் நிர்வாகப் பகுதிக்குள் நுழைந்து டூல்ஸ் என்பதன் கீழ் சைட் ஹெல்த் என்பதைத் திறந்து, அதில் இன்ஃபோ என்ற பக்கத்துக்குப் போனால் போதும். 2019இல் வந்த 5.2ஆம் பதிப்பிலிருந்து இந்த வசதி இருக்கிறது. பாவனையிலுள்ள தீம், அதன் பதிப்பு, தயாரித்தவர், மூலத் தீம், பாவிக்கப்படாமல் கிடக்கும் மற்றத் தீம்கள் எல்லாம் வரிசையாக இருக்கும். மேலேயுள்ள பட்டனை அழுத்தினால் முழுவதும் பிரதியாகும். அதை ஒரு ஈமெயிலில் ஒட்டி உங்களுக்கே அனுப்பிக்கொள்ளலாம். தேநீர் ஆறுவதற்குள் முடிகிற வேலை.

ஆனால் பலருக்கு இந்தப் பக்கமே தெரியாது. காரணம், சைட் செய்தவர் அவர்களுக்குக் கொடுத்திருப்பது எடிட்டர் என்ற தரத்திலுள்ள கணக்கு. கட்டுரை எழுதலாம், படம் மாற்றலாம். தீம்களின் பட்டியலோ சைட் ஹெல்த் பக்கமோ அந்தக் கணக்கில் திறக்காது. அதற்கு அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கு வேண்டும். "நீங்கள் தெரியாமல் எதையாவது அழித்துவிடுவீர்கள்" என்று காரணம் சொல்வார்கள். அது நியாயமான பயந்தான். அப்படியானால் அன்றாட வேலைக்கு எடிட்டர் கணக்கைப் பாவியுங்கள். அட்மின் கணக்கின் பாஸ்வேர்டைக் கடை உறுதியையும் வியாபாரப் பதிவுச் சான்றிதழையும் வைத்திருக்கும் இடத்தில் பூட்டி வையுங்கள். சொந்தக் கடையின் பண்டகசாலைத் திறப்பு எம்மிடம் இல்லாமல் இருப்பதை வேறு எந்த விடயத்திலும் நாம் ஏற்றுக்கொள்வதில்லை.

ஒன்லைனில் விற்பவர்கள் இன்னொரு பட்டியலையும் பார்க்க வேண்டும். வூகொமர்ஸ் பாவிக்கிறவர்கள் அதன் ஸ்டேட்டஸ் என்ற பக்கத்தைத் திறந்து கீழே இறங்கினால் டெம்ப்ளேட்ஸ் என்று ஒரு பகுதி வரும். வூகொமர்ஸின் சொந்த டெம்ப்ளேட்டுகளை விட்டுவிட்டு, உங்கள் தீமில் வேறாக மாற்றி வைத்திருக்கும் கோப்புகள் அங்கே ஒவ்வொன்றாகப் பெயர் குறிப்பிடப்படும். பழைய பதிப்பாக இருந்தால் உங்களிடம் இருப்பது எது, தற்போதைய பதிப்பு எது என்று இரண்டு இலக்கங்களையும் அதுவே காட்டும். பொருள் பக்கம், வண்டிப் பக்கம், பணம் செலுத்தும் பக்கம், வாடிக்கையாளருக்குப் போகும் ஓடர் ஈமெயில் எல்லாம் இதற்குள் அடங்கும். பிளகின்னைப் புதுப்பித்து, டெம்ப்ளேட்டைப் பழையதாகவே விட்டுவிடும்போது இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தாமல் போகலாம். பெருநாள் வியாபாரம் சூடு பிடித்த வாரத்தில் ஓடர் பட்டன் வேலை செய்யாமல் நின்றால், அதைச் சொல்ல வாடிக்கையாளர் போன் எடுப்பதில்லை. பேசாமல் அடுத்த கடைக்குப் போய்விடுவார். பட்டன் நின்றது எமக்குத் தெரிய வருவது விற்பனை விழுந்த பிறகுதான்.

இப்போது செய்யப்படும் சைட்டுகளில் புதிதாக ஒரு சிக்கலும் சேர்ந்திருக்கிறது. 2022 ஜனவரியில் வந்த வேர்ட்பிரஸ் 5.9இலிருந்து, புளொக் தீம் எனப்படும் வகைகளில் டெம்ப்ளேட்டை நிர்வாகப் பகுதிக்குள் இருந்துகொண்டே மவுஸால் இழுத்து மாற்றலாம். நல்ல வசதிதான். ஆனால் அப்படிச் செய்த மாற்றம் தீமின் கோப்புறைக்குள் எழுதப்படுவதில்லை; தரவுத்தளத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. "தீமை ஸிப் செய்து தந்துவிட்டேன், எல்லாம் அதற்குள் இருக்கிறது" என்று ஒருவர் பென் டிரைவ் ஒன்றைக் கையில் தந்தால், அதற்குள் இருப்பது கடையில் வாங்கிய வெறும் தீமாக இருக்கலாம். நீங்கள் காசு கொடுத்து மாற்றச் சொன்ன தலைப்பகுதியும் அடிப்பகுதியும் அதில் இருக்காது. சைட் எடிட்டரிலுள்ள டெம்ப்ளேட்ஸ் பட்டியலைப் பார்த்தால் எவை தீமோடு வந்தவை, எவை பின்னர் மாற்றப்பட்டவை அல்லது சேர்க்கப்பட்டவை என்பது விளங்கும். அதே எடிட்டரில் உள்ள எக்ஸ்போர்ட் மூலம் மாற்றங்களோடு சேர்த்துத் தீமை இறக்கியும் எடுக்கலாம். ஹோஸ்டிங் மாற்ற நினைக்கிறவர்கள் இதைச் செய்யாமல் பழைய கணக்கை மூட வேண்டாம்.

மூன்று நான்கு சைட் வைத்திருப்பவர்கள் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கத் தேவையில்லை. சேர்வரில் கட்டளை வரி பாவிக்கத் தெரிந்தவருக்கு டபிள்யூபி தீம் லிஸ்ட் என்ற ஒரே கட்டளையில் பெயர், நிலை, புதுப்பிப்பு இருக்கிறதா, பதிப்பு என்ற நான்கும் அட்டவணையாக வந்துவிடும். ஜூம்லாக்காரர்கள் எக்ஸ்டென்ஷன் நிர்வாகப் பக்கத்தில் வகையை டெம்ப்ளேட் என்று தெரிவுசெய்தால் பதிப்பு, திகதி, தயாரித்தவர் ஆகிய விபரங்கள் கிடைக்கும். ஜூம்லா 3க்கான ஆதரவு 2023 ஆகஸ்ட் 17ஆம் திகதியோடு முடிந்துவிட்டது என்பதையும் அவர்கள் சேர்த்துக் குறித்துக்கொள்வது நல்லது.

இவ்வளவு சிரமம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இரண்டு சம்பவங்களைச் சொல்கிறேன். 2011 ஆகஸ்டில் டிம்தம்ப் என்ற ஒரு சிறிய கோப்பில் ஓட்டை இருப்பது வெளியே வந்தது. படங்களைச் சின்னதாக்கிக் காட்டும் வேலையைச் செய்கிற கோப்பு அது. ஏராளமான தீம்கள் அதைத் தமக்குள் வைத்துக்கொண்டு விற்பனைக்கு வந்திருந்தன. தனது சைட்டில் எந்தத் தீம், எந்தப் பதிப்பு என்று தெரிந்திருந்தவர் தயாரித்தவரின் அறிவித்தலைப் பார்த்து அதற்கேற்பச் செயற்பட்டார். தெரியாதவர் தன்னிடம் அந்தக் கோப்பு இருக்கிறதா என்பதையே அறியாமல் இருந்தார்.

இரண்டாவது சம்பவம் இன்னும் பாடமானது. அக்செஸ்பிரஸ் தீம்ஸ் என்ற நிறுவனத்தின் 40 தீம்களிலும் 53 பிளகின்களிலும் திருட்டுக் கதவொன்று ஒளித்து வைக்கப்பட்டிருந்ததை ஜெட்பேக் ஆய்வாளர்கள் 2022 ஜனவரியில் பகிரங்கப்படுத்தினார்கள். 2021 செப்டம்பரில் அந்த நிறுவனத்தின் சொந்த வெப்சைட்டுக்குள் யாரோ புகுந்து இதைச் சேர்த்திருந்தார்கள். அதே தீம்களை வேர்ட்பிரஸின் உத்தியோகபூர்வக் களஞ்சியத்திலிருந்து இறக்கியவர்களின் பிரதிகளில் இந்தக் கதவு காணப்படவில்லை. நிறுவனத்தின் சைட்டிலிருந்து இறக்கியவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள். தீமின் பெயர் ஒன்று, தயாரித்தவர் ஒருவர், ஆனால் எங்கிருந்து எடுத்தோம் என்பதில்தான் வித்தியாசம்.

அந்தத் தகவல் இயந்திரம் தருகிற எந்தப் பட்டியலிலும் இல்லை. பெயரும் பதிப்பும் தயாரித்தவரும் கொம்பியூட்டரில் கிடைக்கும். எங்கே வாங்கினோம், எந்தத் திகதியில், யாருடைய ஈமெயிலில், எந்தக் காட்டில் காசு கட்டினோம், பில் எங்கே என்பவற்றை நாம்தான் பேனாவால் எழுத வேண்டும். எமது வியாபாரிகள் சரக்குக் கொப்பியில் வழக்கமாகப் போடும் நிரல்தான் இது. வெப்சைட்டுக்கு மட்டும் அதை விட்டுவிட்டோம்.

யாருடைய ஈமெயில் என்பது சின்ன விடயம் போலத் தெரியும். தீம்ஃபொரெஸ்ட் போன்ற சந்தைகளில் தீம் வாங்கினால் உரிமச் சான்றிதழும் கொள்வனவு இலக்கமும் வாங்கியவரின் கணக்கில்தான் இருக்கும். புதிய பதிப்பை இறக்குவதும் அந்தக் கணக்கிலிருந்துதான். சாதாரண உரிமம் ஒரு சைட்டுக்கு மட்டுமே செல்லுபடியாகும். தயாரித்தவரின் உதவி ஆறு மாதத்துக்குக் கிடைக்கும். தம்பி தன்னுடைய கணக்கில் ஒரு தடவை வாங்கிவிட்டு அதையே பத்துக் கடைகளுக்குப் போட்டுக்கொடுத்தால், ஒன்பது கடைகள் உரிமம் இல்லாமல் ஓடுகின்றன. அந்த ஒன்பதில் நமது கடையும் ஒன்றா என்பதைப் பட்டியலும் பில்லும் பக்கத்தில் இருந்தால்தான் சொல்ல முடியும்.

நல்ட் என்று சொல்லி இனாமாகக் கிடைக்கும் தீம்களைப் பற்றியும் பேசியாக வேண்டும். காசு கொடுத்து வாங்க வேண்டிய தீமின் பூட்டை உடைத்து யாரோ இணையத்தில் போட்டுவைத்த பிரதிகள் இவை. டபிள்யூபி-விசிடி என்ற தீய புரோகிராம் இத்தகைய பிரதிகள் மூலமாகவே பரவியதை வேர்ட்ஃபென்ஸ் நிறுவனம் 2019இல் விபரமாக எடுத்துக் காட்டியது. கொடையாளி போலத் தெரிகிறவர் சும்மா தருவதில்லை. எமது சைட்டை வாடகை இல்லாமல் எடுத்துக்கொள்கிறார். இதற்கு ஹலால், ஹராம் தீர்ப்புச் சொல்வது இப்பத்தி எழுதுபவனின் வேலையல்ல. அதற்கு உலமாக்கள் இருக்கிறார்கள். வேர்ட்பிரஸ் தீம்களின் உரிமம் கொஞ்சம் சிக்கலானது என்பதும் உண்மை. அவற்றின் நிரல்குறி ஜிபிஎல் என்ற உரிமத்தின் கீழ் வருவதால் பிரதி எடுப்பதை அது அனுமதிக்கிறது என்று வாதிடுவோர் உண்டு. கூடவே வரும் படங்களுக்கும் வடிவமைப்புக்கும் அந்த அனுமதி எப்போதும் இருப்பதில்லை. எமது நாட்டில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச்சொத்துச் சட்டம் கணினிப் புரோகிராம்களையும் பாதுகாக்கிறது. சட்ட வாதத்தை ஒரு பக்கம் வைத்தாலும், யார் கையிலிருந்து வந்தது என்று தெரியாத சாமானைக் கடைக்குள் இறக்கும் வியாபாரியை நாம் மதிப்பதில்லை. நூறு டொலருக்குக் குறைந்த விலையில் நல்ல தீம்கள் தாராளமாக இருக்கின்றன. இனாமாகத்தான் வேண்டும் என்றால் உத்தியோகபூர்வக் களஞ்சியத்தில் ஆயிரக்கணக்கில் கிடக்கின்றன. இரண்டையும் விட்டுவிட்டுத் திருட்டுப் பிரதியைப் போட்டவர் எமக்கு மிச்சப்படுத்தியது எதுவுமில்லை.

சைட்டில் வாடிக்கையாளரின் பெயர், போன் இலக்கம், வீட்டு விலாசம் எல்லாம் சேர்கின்றன. அது எம்மை நம்பித் தந்த அமானத். தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாப்பதற்கென்று 2022இல் 9ஆம் இலக்கச் சட்டமும் நிறைவேற்றப்பட்டிருக்கிறது. தரவு வெளியே போன பிறகு "தம்பிதான் போட்டார்" என்று வாடிக்கையாளரிடம் சொல்ல முடியாது. அவர் எம்மிடம்தான் சாமான் வாங்கினார்.

சைட் செய்யும் இளைஞர்கள் சிலர் இந்தப் பட்டியலைக் கொடுக்க விரும்புவதில்லை. தொழில் இரகசியம் என்கிறார்கள். எந்தத் தீம் என்று தெரிந்தால் வாடிக்கையாளர் அதன் விலையைத் தேடிப் பார்ப்பார், "இவ்வளவு மலிவான ஒன்றுக்கா எம்மிடம் இவ்வளவு எடுத்தாய்?" என்று சண்டைக்கு வருவார் என்பதுதான் உண்மையான பயம். இந்தப் பயத்துக்கு நாமும் காரணம். தையல்காரரிடம் துணியின் விலையைத் தனியாகவும் கூலியைத் தனியாகவும் கேட்கிறோம். கூலி துணியை விடக் கூடினாலும் நல்ல தையல் என்றால் கொடுக்கிறோம். தீமைத் தெரிவுசெய்து, தமிழ் எழுத்து ஒழுங்காகத் தெரியும்படி செய்து, பொருட்களை ஏற்றி, கொரியர் கட்டணத்தைக் கணக்குப் போட வைத்தவரின் கூலியையும் அப்படியே மதித்துக் கொடுத்தால் அவர் துணியின் பில்லை மறைக்க வேண்டியதில்லை. அதையும் மீறி மறைப்பவரிடம் வேலை கொடுக்காமல் இருப்பதே புத்தி.

பாவிக்காமல் கிடக்கும் தீம்களைப் பற்றி ஒரு வார்த்தை. பட்டியலை எடுத்தால் ஐந்தாறு பழைய தீம்கள் இருப்பதைக் காண்பீர்கள். பார்த்துப் பார்த்து விட்டவை. அவற்றிலுள்ள ஓட்டையும் ஓட்டைதான். பாவனையிலுள்ளது, அதன் மூலம், அவசரத்துக்கு வேர்ட்பிரஸின் சொந்தத் தீம் ஒன்று என்பவற்றை வைத்துக்கொண்டு மீதியை அழிக்கச் சொல்லுங்கள். முதலில் பேக்அப் எடுக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளும் விடயத்தில் எமக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. குர்ஆனின் மிக நீண்ட வசனமான சூரத்துல் பகராவின் 282ஆவது வசனம் கடனை எழுதிக்கொள்வதைப் பற்றியதுதான். ஆனால் இலட்சக் கணக்கில் கொடுத்துச் செய்யும் வெப்சைட்டை வட்ஸ்அப் மெசேஜில் பேசி முடித்துவிடுகிறோம். இனிமேல் செய்பவர்கள் ஒரு தாளில் இவ்வளவு எழுதினால் போதும்: தீமும் பிளகின்னும் கடையின் ஈமெயிலில், கடையின் காசில் வாங்கப்பட வேண்டும், அட்மின் கணக்கு முதலாளியின் பெயரில் இருக்க வேண்டும், தீம், டெம்ப்ளேட் பட்டியல் பெயர், பதிப்பு, தயாரித்தவர், உரிமம், வாங்கிய இடம் ஆகிய விபரங்களோடு அச்சிட்டுத் தரப்பட வேண்டும், அது கைக்கு வந்த பிறகே கடைசித் தவணை கொடுக்கப்படும்.

ஏற்கனவே சைட் வைத்திருப்பவர்கள் புதிய ஒப்பந்தத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. தம்பி இன்னும் ஊரில்தான் இருக்கிறார் என்றால் இந்த வாரமே கடைக்குக் கூப்பிட்டு, பக்கத்தில் உட்கார வைத்து, சைட் ஹெல்த் பக்கத்தைத் திறக்கச் சொல்லுங்கள். அந்த ஒரு மணித்தியாலத்துக்குரிய கூலியையும் மறக்காமல் கொடுத்துவிடுங்கள்.